கழற்றிவிட்டு வரட்டுமா

இரவு பதினொன்றே காலுக்குச் செண்பகவல்லி கேட்கிறாள்,
கும்பகோணத்திலிருந்து:
"பினாங்குக்கு டிக்கெட் போட்டாச்சு.
பெர்ரியில போகணும், தண்ணீர்மலை ஏறணும்,
கொடிமலை ரயில்ல சன்னல் ஓரம் உக்காரணும்.
ஆனா அங்க வழிப்பறி ஜாஸ்தியாமே,
இவரோட அண்ணன் சொல்றார். வரலாமா?"
ஒரு நிமிடம் கழித்து, தனியாக:
"தாலியைக் கழற்றிவிட்டு வரட்டுமா?"

கேட்கிறாள், அதுவும் என்னிடம்.
பதினாறு வருஷமாய்க் காவல் நிலைய முகப்பில்
தமிழில் அழுகிறவர்களை
மலாயில் எழுதித் தருகிறவள் நான்.
நேரம். இடம். பையின் நிறம். மதிப்பு எத்தனை ரிங்கிட்.
அழுகைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"வா, ஒன்றும் ஆகாது" என்று தட்டுகிறேன்.
அழிக்கிறேன்.
ஒன்றும் ஆகாது என்றுதான்
போன மாசியில் வந்த மதுரைக்கார அம்மாளிடமும்
யாராவது சொல்லியிருப்பார்கள்.
மோட்டார் இழுத்த பையோடு
நாலடி தூரம் தானும் போனவர்
உரிந்த முழங்கையை எனக்குக் காட்டவில்லை.
பையிலிருந்த சர்க்கரை மாத்திரையின் பெயரையே
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்போது வராதே" என்று தட்டுகிறேன்.
அதுவும் நிற்கவில்லை.
என் சன்னலுக்குக் கீழே இந்த நேரத்திலும்
குவே தியாவ் கடையில் கரண்டி வாணலியோடு சண்டை போடுகிறது.
வண்டியே வராத சாலையில் ஒரு பெண்
பச்சை விளக்குக்காகத் தனியாகக் காத்து நிற்கிறாள்.
நேற்று பேருந்தில் நான் மறந்துவிட்ட குடையை
ஓட்டுநர் இன்று காலை ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார்.
குடை திரும்பி வந்ததற்கு
யார் ரிப்போர்ட் எழுதுவது?

இருந்தாலும், தெரு திரும்பும்போதெல்லாம்
என் பை தானாகவே தோள் மாறிக்கொள்கிறது,
சுவர்ப் பக்கத்துத் தோளுக்கு.
எந்த வருஷம் அது பழகியது என்று தெரியவில்லை.
நீயும்தானே செண்பகா,
மகாமகக் குளத்தங்கரை நெரிசலில்
முந்தானையை இழுத்துச் சங்கிலியை மூடி
ரவிக்கையோடு சேர்த்து ஊக்குக் குத்தி நின்றாய்?
அன்று யாரைக் கேட்டாய்,
கும்பகோணத்தில் இருக்கலாமா என்று?

அவளுக்கு எழுதாமல் விடுகிற ஒன்று உண்டு.
போன செவ்வாய்க்கிழமை ஒருவனைப் பிடித்து வந்தார்கள்.
யுகேந்திரன், பத்தொன்பது வயது, பின்னிருக்கையில் இருந்தவன்,
கை நீட்டியவன்.
லாக்கப்புக்குள் அனுப்புமுன்
கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொன்னார் சார்ஜன்.
நூல் மாதிரி ஒரு சங்கிலி.
"அம்மா போட்டதுக்கா, பத்திரமா வைங்க" என்றான்
என்னைப் பார்த்து, நம் மொழியில்.
உறையில் போட்டு ஒட்டினார்கள்.
மதிப்பு என்ற கட்டத்தில் நான்தான் எழுதினேன்,
இருநூற்றுப் பத்து ரிங்கிட்.
அவன் மேல் இரக்கம் வந்ததா என்றால், இல்லை,
மாத்திரையின் பெயர் இன்னும் காதில் இருந்தது.
ஆனால் உறையை இரண்டு முறை அழுத்தி ஒட்டச் சொன்னேன்.

பதினொன்று ஐம்பது.
"வா" என்று எழுதுகிறேன்.
"பயத்தோடே வா, பரவாயில்லை, நானும் அதோடுதான் இருக்கிறேன்.
பையைச் சுவர்ப் பக்கம் மாட்டு.
சாலை ஓரம் நின்று போனைப் பார்க்காதே.
யாராவது இழுத்தால் விட்டுவிடு, கூடவே போகாதே.
தாலி உன் இஷ்டம்.
என் கழுத்தில் ஒன்றும் இல்லை,
அதற்குக் காரணம் எந்த மோட்டாரும் இல்லை."
கடைசி இரண்டு வரியை மட்டும் அழித்துவிட்டு
அனுப்புகிறேன்.

உடனே பதில்:
"திருடனை விடுடி.
கழற்றினா என் மாமியாருக்கு என்ன சொல்றது?"

அதற்கு என்னிடம் படிவம் இல்லை.
"குடை கொண்டு வா" என்று எழுதுகிறேன்,
"இங்கே சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது."